மழை திரும்பிய பின் மெல்பேர்ண் புற்றரைகள்

நாங்கள் மெல்பேர்ணில் குடியேறிய 2008ஆம் ஆண்டில், வறட்சி காரணமாகக் குழாய்த் தண்ணீரைப் புற்றரைக்கு விடுவது முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்தது. செடிகளுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாட்கள், காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் கையால் ஊற்றலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லீற்றர் என்ற இலக்கும் அந்த ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது. நான்கு நிமிடத்தில் குளியலை முடிக்கச் சொன்னது எங்களுக்குப் புதிது என்றாலும், சலவை இயந்திரத்தின் கழிவுநீரைக் குழாய் வழியே தோட்டத்துக்குத் திருப்பியது புதிதன்று. யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைப் பாத்திக்குத்தானே போகும். பசுமையாகப் புல் வைத்திருந்த சிலர், அயலவர் முறையிட்டுவிடுவார்களோ என்று, மழைநீர்த் தாங்கியிலிருந்தே பாய்ச்சுவதாக வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். அபராதத்தைவிட அந்த அயலவர் கண்தான் கட்டுப்பாட்டைக் காத்தது என்பது என் எண்ணம்.

2009இன் நடுப்பகுதியில் நகரின் நீர்த்தேக்கங்கள் கொள்ளளவின் கால்பங்கை ஒட்டி இறங்கின. அடுத்த ஆண்டு மழை திரும்பியதும் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, 2012 டிசம்பரில் நிரந்தர விதிகள் மட்டும் எஞ்சின: விசையை அழுத்தினால் மட்டுமே நீர் வரும் முனை பொருத்திய குழாயைக் கையில் பிடித்து எந்நேரமும் பாய்ச்சலாம், ஸ்பிரிங்ளரை மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 10 மணிக்கும் இடையில்தான் திறக்கலாம், சீமெந்துத் தரையைக் காரணமின்றிக் கழுவக் கூடாது. வெயிலேறிய பின் தெளிக்கும் நீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போவதால் இந்த நேர வரையறையில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு பாய்ச்சலாம் என்று விதி எங்கும் சொல்வதில்லை.

அளவைக் கட்டுப்படுத்துவது இப்போது நீர்க்கட்டணம். வறட்சியின்போது தொடங்கி, ஆண்டுக்கு 150 பில்லியன் லீற்றர் தரக்கூடியதாகக் கட்டிய வொந்தாகி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், வறட்சி ஓய்ந்த பிறகு 2012இல்தான் முடிந்தது. அங்கிருந்து நீர் தரும்படி அரசு 2016இல் முதன்முறையாகக் கேட்கும் வரை, ஒரு சொட்டும் கேட்கப்படாத ஆண்டுகளிலும் அதன் செலவு எங்கள் கட்டணத்தில் ஏறியது. நீர்த்தேக்கம் நிறைந்திருக்கையில் தண்ணீர் விலை கூடியதைப் புதிதாக வந்த உறவினர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தடை நீங்கியும் முன்பக்கப் புல்லை நாங்கள் மீண்டும் வளர்க்கவில்லை. அந்த இடத்தில் மரச்சிராய் பரப்பிக் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறோம், கோடையில் அவற்றுக்குத் தாங்கித் தண்ணீரே பெரும்பாலும் போதுமாகிறது.