கருப்பியின் எலிக்காய்ச்சலும் எங்கள் வீட்டுச் சிறுநீர்க் கணக்கும்

நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. எங்கள் கருப்பிக்கு வந்தபோது விசாரித்தவர்களில் பாதிப் பேர், "எலி கடித்துவிட்டதா?" என்றுதான் கேட்டார்கள். எலி கடிக்கவே வேண்டாம். எலியோ மாடோ பன்றியோ சிறுநீர் கழித்த தண்ணீர் எங்காவது தேங்கிக் கிடந்தால் போதும். அதிலுள்ள லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி, நாய் நக்கிக் குடிக்கும்போது வாயின் உட்புறச் சவ்வு வழியாக உடம்புக்குள் போய்விடும். குடிக்காமல் வெறுமனே இறங்கி நடந்தாலும், காலில் சிராய்ப்பு இருந்தால் அதுவே கிருமிக்கு வழி. ஈரமும் மிதமான சூடும் கிடைத்தால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட அது உயிரோடு இருக்கும். காய்ந்த மண்ணில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது.

கருப்பிக்கு நோய் முதலில் காட்டியது படிக்கட்டில். வழக்கமாக நமக்கு முன்னால் மேலே போய் நிற்பவள், முதல் படியிலேயே நின்று முகத்தைப் பார்த்தாள். இடுப்பைத் தொட்டால் உடம்பை நெளித்தாள். சுளுக்காக இருக்கும் என்று வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. எலிக்காய்ச்சலில் தசைவலி ஓர் ஆரம்ப அறிகுறி என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்து, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்குள் ஒருநாளும் அசுத்தம் செய்யாதவள் கூடத்திலேயே சிறுநீர் கழித்தாள். வாந்தி தொடங்கியதும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி உணவைப் பற்றியது அல்ல. "கடந்த இரண்டு மூன்று வாரங்களில் வெளியே எங்கேயாவது தேங்கிய தண்ணீரைக் குடித்தாளா?" என்றார். கிருமி நுழைந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் ஆகுமாம். நாங்கள் நடக்கப்போகும் பாதையோரப் பள்ளத்தில் மழைக்குப் பின் தண்ணீர் நிற்கும். அதைச் சுற்றி எலி வளைகள் உண்டு. கருப்பிக்கு அந்தத் தண்ணீர் மீது அப்படி ஒரு மோகம்! அதைச் சொன்னதும் அவர் அவளைக் குழல்விளக்கின் கீழிருந்து ஜன்னலோரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். இமையை விலக்கிக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் சாதாரணமாகத் தெரிந்த விழியின் வெள்ளை, பகல் வெளிச்சத்தில் மஞ்சளாக இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறிலும் அதே நிறம்.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் எகிறியிருந்தது, கல்லீரல் நொதிகளும் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் கூடியிருந்தன, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ரத்தம் எடுத்த இடத்தில் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்ததற்குக் காரணம் அந்தத் தட்டணுக் குறைவுதான். சிறுநீரகமும் கல்லீரலும் ஒரே நேரத்தில் அடி வாங்கியிருந்தால் எலிக்காய்ச்சலை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார் மருத்துவர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கான ரத்தத்தையும் சிறுநீரையும் முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நோயின் முதல் வாரத்தில் கிருமி பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கும், பிறகு சிறுநீருக்கு மாறும். எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரியாததால் இரண்டையும் அனுப்பினார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் இன்னொரு பரிசோதனையும் உண்டு. அதை ஒருமுறை பார்த்தால் போதாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, அளவு 4 மடங்காவது உயர்ந்திருந்தால்தான் உறுதி செய்வார்கள். ஆனால் முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கவில்லை. மாதிரி எடுத்த கையோடு மருந்து ஏறத் தொடங்கிவிட்டது.

மருத்துவமனையில் கழிந்த நாட்களில் எங்கள் உலகம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது. கருப்பிக்குச் சிறுநீர்க் குழாய் செருகி, அதன் முனையில் அளவுக்கோடு போட்ட பையை மாட்டியிருந்தார்கள். கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லி சிறுநீராவது இறங்க வேண்டும். செவிலியர் வந்து குனிந்து பார்த்து அட்டையில் எழுதுவார்; அவர் போனதும் நாங்கள் போய்க் குனிந்து பார்ப்போம். வாந்தியில் வற்றிய உடம்புக்கு சலைன் கட்டாயம் வேண்டும். ஆனால் சிறுநீர் இறங்காமல் சலைனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், அந்த நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சை அடைக்கும். அதனால்தான் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் அத்தனை கணக்கு. ஓர் இரவு கோடு நகரவே இல்லை. டயாலிசிஸ் செய்யும் இடம் எது, எவ்வளவு தூரம் என்றெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, விடியற்காலையில் அடர் மஞ்சளாகக் கொஞ்சம் இறங்கியது. நாய்ச் சிறுநீரைப் பார்த்து ஒரு குடும்பமே கைதட்டியது அன்றைக்குத்தான்.

வாந்தி நிற்கும் வரை ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. நின்றபின் டாக்சிசைக்ளின் மாத்திரை, 2 வாரம். கருப்பி தெளிந்துவிட்டாளே என்று இடையில் நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கும் கிருமியைத் துடைத்தெடுப்பது இந்த மருந்துதான். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஆகவே சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்கவைத்தோம்.

வீட்டுக்கு வந்தபின் அதே சிறுநீருக்கு நாங்கள் பயப்பட வேண்டியதாயிற்று. இது மனிதருக்கும் தொற்றும் நோய். கருப்பிக்கு நீர் தேங்காத, குழந்தைகள் விளையாடாத ஓர் ஓரத்தை ஒதுக்கினோம். வீட்டுக்குள் சிந்தினால் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் காகிதத்தில் ஒற்றியெடுத்து, பிறகு 1 பங்கு ப்ளீச்சுக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து துடைத்தோம். குழாய் வைத்துப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, திவலைகள் கண்ணிலும் வாயிலும் படும். அம்மா ஒரு படி மேலே போய், கருப்பி நடந்த தடமெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். காலடியால் பரவாது என்று மருத்துவரே சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதும் உத்தரவு.

எங்களிடம் சீனு என்று இன்னொரு நாயும் உண்டு. இருவரும் அதே பாதையில் நடப்பவர்கள், அதே பள்ளத்தை முகர்ந்தவர்கள். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் சீனுவுக்கும் 2 வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்த கால்நடை மருத்துவமனையில், "வீட்டு நாய்தானே, எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருடா வருடம் எதற்கு?" என்று விட்டுவிட்டார்கள். வீட்டு நாயும் வெளியே நடக்கத்தான் செய்கிறது. இந்தத் தடுப்பூசியின் பாதுகாப்பு ஓராண்டு அளவுக்கே நிற்கும்; முதலில் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. கிருமியில் பல வகைகள் உண்டு. சில ஊசிகள் இரண்டு வகைக்கு மட்டும், சில நான்கு வகைக்கு. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி போட்டாயிற்று என்று ஏட்டில் எழுதியிருந்தால் அதில் இது இருக்கிறதா, எத்தனை வகை என்று கேட்டுவிடுவது நல்லது.

பலரும், "இனிமேல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்" என்றார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் கோளாறே இல்லை. வெளியே குடித்ததுதான் வினை. இப்போது நடக்கப்போகும்போது புட்டியில் தண்ணீர் கொண்டுபோகிறோம், பள்ளம் வரும் முன்பே வாரைச் சுருட்டிப் பிடிக்கிறோம். பச்சை ஏடு படிந்த குளத்தின் பக்கமே போவதில்லை. அது வேறு அபாயம்: நீலப்பச்சைப் பாசியின் நச்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடலாம், காய்ச்சினாலும் அந்த நச்சு போகாது.

கருப்பியின் கிரியாட்டினின் இறங்கியது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. சிறுநீரகத்துக்கான தனி உணவு, அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் அவள் குந்தும் அந்த நொடியில் பின்னாலிருந்து தட்டையான கிண்ணத்தை நீட்ட வேண்டும். கொஞ்சம் முந்தினால் எழுந்துவிடுவாள், பிந்தினால் மண்தான் மிஞ்சும். உடம்பு தேறியபின் தடுப்பூசிக்கு இருவரையும் சேர்த்தே கூட்டிப்போனோம். அத்தனை ஊசியும் பார்த்த கருப்பி மேசையில் அசையாமல் நின்றாள். எதுவுமே வராத சீனுதான் ஊரைக் கூட்டினான்.