லிகூரியா போறவங்களுக்கு: அஞ்சு ஊரும் ஒரு கடலைமாவு அடையும்

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில சிங்க்வே டெர்ரேயின் 5 ஊரையும் காரில் சுத்த நினைக்காதீங்க, பார்க்கிங் கிடைக்கிறதே பெரும்பாடு. பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவிலிருந்து லோக்கல் ரயில்தான் சரி. ஊருக்கு ஊர் சில நிமிஷம். காகித டிக்கெட்டை ஸ்டேஷன் மெஷின்ல முத்திரை குத்தாம ஏறினா அபராதம். அஞ்சுல கோர்னீல்யா மட்டும் உச்சியில இருக்கு, ஸ்டேஷன்ல இருந்து படி 380 கிட்ட. முழங்கால் வலி இருந்தா மினிபஸ் பிடிங்க.

லிகூரியாவின் தலைநகர் ஜெனோவாவில் ஃபரினாட்டாவை விட்டுடாதீங்க! விறகு அடுப்புல, அகலமான செப்புத் தட்டுல சுடுற கொண்டைக்கடலை மாவு அடை. வீட்டிலும் அருமையா வரும். 300 கிராம் மாவை 900 மில்லி தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, குறைஞ்சது 4 மணி நேரம் ஊற விடுங்க. அவசரப்பட்டா பச்சை வாசனை போகாது. மேல நிக்கிற நுரையை வழிச்சு எடுத்துட்டு, 10 கிராம் உப்பு, அரை டம்ளர் ஆலிவ் எண்ணெய் சேருங்க. தட்டுல அரை சென்டிமீட்டருக்கு மேல ஊத்தினா நடுவுல களியா நின்னுடும். ஓவனை 250 டிகிரிக்கு நல்லா சூடாக்கின பிறகே உள்ளே வைக்கணும். ஓரம் மொறுமொறுன்னு, மேல பொன்னிறப் புள்ளி விழுந்ததும் எடுத்து, மிளகுத்தூள் தூவி உடனே சாப்பிடுங்க. ஆறினா ரப்பர் மாதிரி இழுக்கும்.