கிரேக்க வேர்ச்சொற்களோடு 14 வாரங்கள்

டெங்கு சீசன் வந்துவிட்டால் ஸ்மியர் (ஸ்லைடில் தேய்த்துப் பார்க்கும் ரத்தம்) ரிப்போர்ட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது ‘த்ராம்போசைட்டோபீனியா’ என்று டைப் செய்வேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம், பிறகு டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, அதன்பின் 12 வருடமாக லேப் வேலை. எழுத்துப் பிசகாமல் அடிக்கத் தெரியும், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜூன் மாதம் ஒரு பெரியவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏம்மா, பேரே இவ்ளோ நீளமா இருக்கே, நோய் பெரிசோ?” என்று கேட்டார். “டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா” என்றேன். சொல்ல வேண்டிய பதில் அதுதான். ஆனால் அந்தப் பெயரைப் பிரித்துப் படிக்கக்கூட எனக்குத் தெரியவில்லையே என்ற உறுத்தல் வீடுவரை வந்தது. அன்றிரவே மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வாரம் வீண் என்றே சொல்வேன். மருத்துவச் சொற்களில் வரும் 100 கிரேக்க வேர்ச்சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு, நாளைக்குப் பத்து என்று மனப்பாடம் செய்தேன். இரண்டாவது ஞாயிறு மகள் கேள்வி கேட்டாள். 23 தேறியது. ‘லூக்கோஸ் என்றால் வெள்ளை’ என்று பத்து தடவை எழுதியும் மனதில் நிற்கவில்லை. மறுநாள் வெள்ளையணு எண்ணிக்கொண்டிருந்தபோது ‘லூக்கோசைட்’ கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அது மறக்கவே இல்லை.

அதனால் முறையை மாற்றினேன். பட்டியலை மூடிவைத்துவிட்டு, அன்று கையில் வந்த சொற்களில் ஒன்றை மட்டும் எடுப்பது. அதைப் பிரிப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் எழுதுவது, அதே துண்டு வரும் வேறு மூன்று சொற்களைத் தேடுவது. ஒரு நாளைக்கு ஒரு சொல், அதற்கு மேல் கிடையாது.

முதலில் எடுத்தது அந்த நீளச் சொல்லைத்தான். த்ராம்போஸ் என்றால் உறைகட்டி. கைடோஸ் என்றால் உள்ளே குழிவான பாத்திரம், உயிரியலில் அது செல்லைக் குறிக்க வந்துவிட்டது. பீனியா என்றால் வறுமை. ரத்தத்தை உறைய வைக்கும் அணுவுக்கு வந்த வறுமை! மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே பிளேட்லெட் போனால் நாங்கள் எழுதுவது இதைத்தான். வறுமை என்று தெரிந்ததும் லூக்கோபீனியா, ஆஸ்டியோபீனியா இரண்டும் தாமாகவே பிரிந்துகொண்டன: வெள்ளையணு வறுமை, எலும்பு வறுமை. ‘பேன்’ என்றால் எல்லாம் என்று மட்டும் பார்த்தேன், எல்லா ரத்த அணுக்களுக்கும் வறுமை என்ற பேன்சைட்டோபீனியாவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான்காம் வாரம் ஈசினோஃபில். நம் ஊரில் ‘ஈஸ்னோபிலியா’ தெரியாத குடும்பம் குறைவு. மூக்கடைத்தாலே அதைச் சொல்லிவிடுவார்கள். ஈயோஸ் என்றால் விடியல். விடியல் வானம்போலச் சிவந்த சாயம் என்பதால் ஈசின் என்று பெயர். ஃபிலோஸ் என்றால் நேசிப்பவர். ஈசின் சாயத்தை விரும்பி ஏற்கும் அணு ஈசினோஃபில். ஸ்லைடில் ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும் அந்தக் குருணைகளை ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன், அவற்றின் பெயரில் விடியல் இருப்பது தெரியாமல். அன்று மைக்ரோஸ்கோப்பைவிட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

ஐந்தாம் வாரம் நடந்ததுதான் இந்த முயற்சியில் எனக்கு மிகப் பெரிய விஷயம். அனீமியாவைப் பிரித்தேன். ஹைமா என்றால் ரத்தம், முன்னால் இன்மையைச் சொல்லும் ‘அ’. அப்படியானால் ‘அன்’ எங்கிருந்து வந்தது? மெய்யெழுத்துக்கு முன் ‘அ’, உயிருக்கு முன் ‘அன்’ என்பது விதியாம். ஹைமாவின் தொடக்க ஒலியான ‘ஹ’ வலுவில்லாதது, அதனால் அதையும் உயிர்போலவே கொண்டார்கள். ஒரு வீடு, ஓர் ஊர் என்று நாம் எழுதுகிறோமே, அதே கணக்கு. பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய பாடமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் பார்த்தேன். கார்டியாலஜி, தெர்மோமீட்டர் போன்றவற்றில் இரண்டு துண்டுகளை இணைக்க நடுவில் ஒரு ‘ஓ’ வருகிறது. புளியும் காயும் சேரும்போது ‘அம்’ நுழைந்து புளியங்காய் ஆவதுபோல அது ஒரு சாரியை. கேஸ்ட்ரோஸ்கோப்பியில் இருக்கும் அந்த ‘ஓ’ கேஸ்ட்ரைட்டிஸில் இல்லை, ஏனென்றால் அடுத்து வருவது உயிர். உயிர் வந்தால் உக்குறள் மெய்விட்டு ஓடும் என்று நாம் படித்தது நினைவுக்கு வந்தது. கூடவே என்று பொருள்படும் ‘சின்’, ப எழுத்துக்கு முன்னால் ‘சிம்’ ஆகி சிம்பதி, சிம்ப்டம் என்று வருகிறது. ககரத்துக்கு முன்னால் மரம் மரங்கள் ஆவதும் இப்படித்தான்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ‘ஆர் ஹெச்’ (rh) என்ற எழுத்துகளைப் பற்றிய ஸ்பெல்லிங் விதி. டயரியாவுக்கு ஸ்பெல்லிங் எழுதச் சொன்னால் எங்கள் லேபில் எல்லோரும் ஒரு நொடி நிற்போம். டயா என்றால் ஊடாக, ரோயா என்றால் ஓட்டம். ‘ஆர் ஹெச்’சில் தொடங்கும் கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் உயிரெழுத்து வந்து சேர்ந்தால் ‘ஆர்’ இரட்டிக்கும். ரத்தப்போக்கைக் குறிக்கும் ஹெமரேஜிலும் அதே இரட்டிப்பு. வல்லினம் மிகும் இடம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அதன்பின் அந்த இரண்டு சொற்களிலும் தப்பு வரவில்லை. மனப்பாடம் செய்து 12 வருடத்தில் வராதது ஒரு சாயங்காலத்தில் வந்தது.

ஏழாம் வாரம் சறுக்கல். ஆர்த்தோபீடிக்ஸ் என்பதை ‘நேர் + பாதம்’ என்று எழுதிவிட்டேன். பெடல், பெடிக்யூர் எல்லாம் பாதம்தானே! ஆனால் பாதத்தைக் குறிக்கும் அந்தப் ‘பெட்’ லத்தீன். இங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், பீடியாட்ரிக்ஸில் வருவதும் அதுவே. நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் குழந்தைகளின் உடற்கோணலைச் சரிசெய்வது பற்றி எழுதிய நூலுக்கு வைத்த பெயர் அது. பெரியவர்களின் எலும்பு முறிவுக்கும் அதே பெயர் நீண்டுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில் ‘கி’ அல்லது ‘ல’ என்று எழுதுகிறேன். இதைச் செய்யாமல் ஊகிப்பது ஆபத்து என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. பெயரைப் பிரித்தால் தெரிவது, பெயர் வைத்தவர் என்ன நினைத்தார் என்பது மட்டும். ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று அந்தப் பெயரை வைத்த பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பினார். லேப் அலமாரியில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. ஆகவே பிரித்த பிறகும் அகராதியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதிலும் ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் ஊகித்து எழுதவே கூடாது. ஒன்று மேலே, மற்றது கீழே. சர்க்கரை நோயாளியின் ரிப்போர்ட்டில் இரண்டெழுத்து மாறினால் விஷயமே தலைகீழ்.

பத்தாம் வாரம், தினமும் கையில் பிடிக்கும் சிரிஞ்சை எடுத்தேன். அதன் மூலம் சிரின்க்ஸ், குழல் என்று பொருள். கிரேக்கத்தில் சுரங்க வழிக்கும் அதே சொல் வழங்கியிருக்கிறது. அதிலிருந்து வடமொழியில் சுருங்கா, தமிழில் சுருங்கை வந்தன என்பது மொழியறிஞர் பலரும் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போவது சுருங்கை வீதி வழியாக. அடுத்த அடிகளிலேயே வாள் ஏந்திய யவனர் (கிரேக்க, ரோமானியருக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்) கோட்டை வாயிலைக் காத்து நிற்கிறார்கள். பள்ளியில் படித்தபோது இரண்டையும் தனித்தனியாகக் கடந்து போயிருக்கிறேன். இப்போது அந்த இரண்டு அடிகளையும் சேர்த்துப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வீட்டிலேயே இன்னும் இரண்டு கிடைத்தன. அத்தை காலண்டரில் பார்க்கும் சுக்கிர ஓரையில் உள்ள ஓரை, கிரேக்க ஹோரா. ஆங்கிலத்தில் ஹவர் ஆனதும் அதுவே. ஜாதகத்தில் கேந்திரம் என்கிறோமே, அது கென்ட்ரான், ஆங்கிலத்தில் சென்டர். அத்தையிடம் சொன்னேன். “அப்ப நான் தினமும் கிரேக்கமா பாக்குறேன்?” என்று கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டு மறுபடியும் என்னைச் சொல்ல வைத்தார்.

கணக்கு இது: 14 வாரத்தில் நோட்டில் 64 வேர்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்த சொற்கள் 230க்கு மேல். மகள் நான் பார்க்காத 30 மருத்துவச் சொற்களை எடுத்துக் கேட்டதில் ஆறாம் வாரம் 11, போன ஞாயிறு 22. தவறிய எட்டில் ஆறு லத்தீன். எனவே அடுத்த மாதம் லத்தீனுக்கு ஒரு தனி நோட்டு.

இன்றைய சொல் ரெட்டிகுலோசைட். பின்பாதி பழகிய கைடோஸ். முன்பாதி லத்தீன்: சின்ன வலை. நியூ மெத்திலீன் நீலம் என்ற சாயம் போட்ட ஸ்லைடில் இளம் சிவப்பணுவுக்குள் நீலமாகத் தெரிகிறதே, அந்த வலைதான்.