கத்தி படாமல் கல்லை எடுத்தார்கள்
பினாங்கின் பிறை நகரில் வெல்டிங் வேலை செய்யும் என் அண்ணனுக்குச் சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்த 8 மில்லிமீட்டர் கல்லை, சென்ற வாரம் உடலில் எங்கும் கீறாமலேயே எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை என்றாலே வயிற்றைக் கிழிப்பார்கள் என்று அஞ்சி, வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் அந்தக் குழாயின் உள்ளகலம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். பெரிய கல் அடைத்துக்கொண்டால், மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வெளிவரும் வழியாகவே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் கல்லை உடைத்து, துண்டுகளை நுண்ணிய கம்பிக்கூடையில் பிடித்து வெளியே எடுக்கிறார்கள்.

அதன்பின் வைக்கப்படும் ஸ்டென்ட் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே போதுமான அளவு சொல்வதில்லை. இரு முனைகளும் சுருண்ட இந்த மென்குழாய், வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்க உதவுகிறது. ஆனால் அண்ணனுக்குச் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் விலாப்புறம் சுண்டி இழுத்தது. சிறுநீரும் சிராப் தண்ணீர்போல் இளஞ்சிவப்பாக வந்தது. இவை பொதுவாக எதிர்பார்க்கக்கூடியவையே என்று மருத்துவர் விளக்கியபிறகுதான் அண்ணி நிம்மதியானார். வலி தணிந்துவிட்டதென்று ஸ்டென்டை எடுக்கும் நாளைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தால் அதன்மேலும் கல் படியும்.

கல் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், அடைபட்ட சிறுநீரில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். அப்போது விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.