அறுந்தா அதுவா ஆஃப் ஆயிடும்ல?

"அறுந்து விழுந்தா கரண்ட் அதுவா ஆஃப் ஆயிடும்ல, தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா" என்றேன்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த 'ஆமாம்மா' இன்னும் என்னை விடவில்லை.

நான் மின்வாரியத்தில் வேலை செய்கிறவன். அதற்கு முந்தின இரவு நல்ல காற்று. மழை தூறலோடு சரி. 1.10 மணிக்குத் துணைமின் நிலையத்திலிருந்து ஆபரேட்டர் கூப்பிட்டார். "சார், ஃபீடர் ட்ரிப். ஓவர் கரண்ட் காட்டுது. ஒரு தடவை ஏத்திப் பாக்கட்டுமா?"

ஃபீடர் என்பது துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன். ட்ரிப் என்றால் கோளாறு கண்டு அது தானாக ஆஃப் ஆவது, ஏற்றுவது என்றால் மறுபடி ஆன் செய்வது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள்ளேயே ஓடும் 11 கேவி (11,000 வோல்ட்) லைன் அது. காற்றடித்தால் மட்டை இரண்டு கம்பிக்கும் குறுக்கே விழும், ஃபீடர் ட்ரிப் ஆகும். மட்டை எரிந்து கீழே விழுந்ததும் மறுபடி ஏற்றினால் ட்ரிப் ஆகாமல் நின்றுவிடும். அணில் ஏறினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கடற்கரைப் பக்கம் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரில் உப்பு படிந்திருக்கும். கொட்டுகிற மழை அதைக் கழுவிவிடும், தூறல்தான் வம்பு, உப்பை ஈரமாக்கிக் கரண்டைக் கசியவிடும். இதெல்லாம் பழகிப்போன காரணங்கள். பழகியதால் யோசிக்கவில்லை.

"ஏத்துங்க" என்றேன். "நிக்குது சார்" என்றார். படுத்துவிட்டேன்.

காலை 6.15க்கு ஒருவர் போன் செய்து, தோப்பு ஓரம் கம்பி கிடக்கிறது என்றார். உடனே ஃபீடரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினோம். ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற கிளை லைன். பம்புசெட்டுகள் மட்டும்தான், இரவில் எதுவும் ஓடவில்லை. அதனால் யாரும் புகார் சொல்லவில்லை. கீழே கிடந்த மட்டை இரண்டு இடத்தில் கரிந்திருந்தது. கம்பியின் நுனி உருகி மணி போலத் திரண்டிருந்தது. காய்ந்த கீற்று வேலியின் மேல் கிடந்ததால் பூமிக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, கோளாறு கண்டு லைனை நிறுத்த வேண்டிய ரிலேயும் வேலை செய்யவில்லை. கிட்டத்தட்ட 5 மணி நேரம் அந்தக் கம்பியில் மின்சாரம் இருந்திருக்கிறது. வேலியை ஒட்டியே ஒற்றையடிப் பாதை. விடியுமுன் அந்த அம்மா அந்த வழியாகத்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"நான் பாத்துட்டுத் தாண்டிதான் போனேன், தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

ஏற்றச் சொன்னது தவறா? இன்றைக்கும் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு தடவை ஏற்றிப் பார்ப்பது பல இடங்களிலும் உள்ள வழக்கம். நடுராத்திரியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு லைன் முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தால் விடிந்துவிடும். விடிகாலையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மேலும் இது 2018 நவம்பர் 16 கஜா அடித்த பகுதி. அந்தப் புயலில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஜனங்கள். இன்றைக்கும் அரை மணி நேரம் கரண்ட் போனால் அவர்கள் குரலில் ஒரு பதற்றம் வருகிறது. அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "மூணு ஃபேஸ்லயும் ஆம்ப்ஸ் எப்படி இருக்கு, முன்ன இருந்ததுக்கு ஏதாவது குறையுதா?" அவ்வளவுதான். ஒரு ஃபேஸின் கம்பி அறுந்தால் அதில் ஓடும் கரண்டின் அளவு, அதாவது ஆம்ப்ஸ், குறைந்து காட்டும். அந்தக் கிளையில் லோடே இல்லாததால் மீட்டரில் ஒன்றும் தெரிந்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்கவில்லை என்பதும் உண்மை.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். அந்த 'ஆமாம்மா'வை என்ன செய்வது? அவர் பயந்துவிடக் கூடாதென்று சொன்னேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பயப்படவேயில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். பயந்தது நான்தான். பின்னால் நின்ற வயர்மேன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'தென்னை மட்டை விழுந்தது' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. பொய்யை அந்த அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அறுந்த கம்பியில் கரண்ட் இருக்காது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பார். நாளைக்கு வேறொரு கம்பி கிடந்தாலும் தாண்டிப் போவார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுகிறேன். கம்பி கிடந்தால் கரண்ட் இருக்கிறது என்றே நினைக்கணும், கிட்டவே போகக் கூடாது, எங்களுக்குப் போன் செய்யணும் என்கிறேன். அவருடைய பேத்தி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், வீட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

போன மாதம் மட்டை கழிக்க அதே தோப்புக்குப் போனோம். அடையாளம் கண்டுகொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"காய்க்கிற மரம், பாத்து வெட்டச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"சரிம்மா" என்றேன்.