பில் கட்டாமல் விட்டுப்போன கார் என் பெயருக்கு மாறிய விதம்

2021 ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளை டீசல் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறையில் விட்டார்கள். 2012 மாடல். டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் எல்லாம் வளைந்துபோயிருந்தன. வண்டிக்காரர் ஈரோடு பக்கம், ஐம்பது வயதிருக்கும். மனைவியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் நாற்கரச் சாலையில் நின்றுவிட்டது என்றார். அந்த அம்மா முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஒரு ஆட்டோ பிடித்து அவர்களை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தேன்.

62,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தேன். 10,000 அட்வான்ஸ் தந்தார். என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கினேன். எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பிஸ்டனும் அடிபட்டிருந்தது தெரிந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, செலவு கூடும் என்று எழுதினேன். "சரி தம்பி, செய்யுங்க" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியும் ஜாப் கார்டில் இருந்த கையெழுத்தும் பின்னால் எனக்கு எவ்வளவு பெரிய துணையாக நிற்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

செப்டம்பர் 20ஆம் தேதி வேலை முடிந்தது. பில் 84,600. அட்வான்ஸ் போக 74,600 பாக்கி. போன் செய்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். நவம்பர் முதல் போன் ஸ்விட்ச் ஆஃப்.

மூன்று ஆட்கள் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. ஒரு வண்டி நிற்கிற இடம் என்பது எனக்கு ஒரு நாள் வருமானம். அதோடு உதிரிபாகக் கடைக்கு நான் கைப்பணம் கொடுத்துத் தீர்த்தாகிவிட்டது. பக்கத்துப் பட்டறை நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு மாப்ள யோசிக்கிற? 29, 30 ஃபாரத்துல நீயே ஒரு கையெழுத்தப் போடு, புரோக்கர் பேர மாத்திக் கொடுத்துருவாரு" என்றார். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, 30 பெயர் மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். இன்னொருவர் கையெழுத்தை நான் போட்டால் அது போர்ஜரி. எனக்கு வரவேண்டிய பணத்துக்காக நான் குற்றவாளியாக வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் பிரித்து உதிரியாக விற்கச் சொன்னார். அதுவும் வேண்டாம்.

ஜனவரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அன்று ஒரு மணி நேரத்தில் அவர் விளக்கியதை, இருபது வருடம் தொழில் செய்தும் நான் அறிந்திருக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு. ஒரு பொருளில் உழைப்பையும் திறமையையும் போட்டவர், கூலி கிடைக்கும்வரை அதைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்க அதில் உரிமை இல்லை. "அடகு பிடிக்கிறவருக்கு 176ஆவது பிரிவுல விக்கிற உரிமை இருக்கு தம்பி. நோட்டீஸ் கொடுத்துட்டு வித்துக்கலாம். உங்ககிட்ட அவர் வண்டிய அடகு வைக்கலையே, ரிப்பேருக்குத்தானே விட்டாரு" என்றார். பணம் வராமல் வண்டியைக் கையை விட்டுவிட்டால் அந்தப் பிடிமானமும் போய்விடும் என்றார்.

நான் போட்டு வைத்திருந்த கணக்கில் நாளைக்கு 150 ரூபாய் என்று இட வாடகையும் சேர்த்திருந்தேன். அதை அவர் பேனாவால் அடித்துவிட்டார். எனக்கு வருத்தம்தான். பிடித்து வைத்திருப்பது என் பணத்துக்காக, அதற்கு வண்டிக்காரரிடமே வாடகை கேட்க முடியாது, முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் வேறு விஷயம் என்று சொன்னார். அன்று முதல் என் ஜாப் கார்டில், வேலை முடிந்து பதினைந்து நாளுக்குள் எடுக்காவிட்டால் இட வாடகை உண்டு என்ற வரியை அச்சடித்து வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் அதை வாய்விட்டும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். வண்டியை ஓட்டக் கூடாது. ஒப்படைத்த பொருளை அனுமதியில்லாமல் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு நான்தான் பொறுப்பு. வண்டிக்கு இன்சூரன்ஸ் வேறு முடிந்திருந்தது. அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவோம், டயரில் காற்றுப் பார்ப்போம், அவ்வளவுதான். எலி வயரைக் கடிக்காமல் இருக்க என்னவெல்லாமோ செய்தோம். அதற்கே ஒரு பையனின் நேரம் போனது.

வண்டிக்குள் இருந்ததையெல்லாம் இரண்டு சாட்சிகள் முன்னால் பட்டியல் போடச் சொன்னார் வக்கீல். டேஷ்போர்டைத் திறந்தபோது ஒரு ஆஸ்பத்திரி ஃபைல், ஸ்கேன் படங்கள், ஒரு ஜோடி வளையல், சாமி படம். ஃபைலில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. அதன் கனத்தைப் பார்த்தாலே புரிந்தது. அதுவரை அந்த மனிதர் மேல் இருந்த கோபம் அன்று பாதி இறங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டு ஓடியவராக அவரை அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

முதல் வேலையாக வண்டிப் பதிவுகளைப் பார்க்கும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி விவரத்தைப் பார்த்தோம். பெயர் அவருடையதுதான். ஃபைனான்ஸ் பதிவு எதுவும் இல்லை. இது பெரிய நிம்மதி. கடன் பதிவு இருந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 51ஆவது பிரிவின்படி கடன் கொடுத்தவரைத் தாண்டிப் பெயர் மாற்றவே முடியாது. அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருந்திருக்கும். அப்புறம் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்தேன். இந்த எண்ணுள்ள வண்டி என் பட்டறையில் நிற்கிறது, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, திருட்டு வழக்கு எதுவும் இருக்கிறதா என்று. எதுவும் இல்லை என்று பார்த்துச் சொல்லி மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வண்டி என்னிடம் எப்போது, எப்படி வந்தது என்று போலீஸ் தாளில் பதிவாகிவிட்டதால் இரவில் தூக்கம் வந்தது.

வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு போனது. "வீடு மாற்றிச் சென்றுவிட்டார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வைக்கச் சொன்னார் வக்கீல். நானே ஒருமுறை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்வந்தேன். வீடு பூட்டியிருந்தது. அந்த அம்மா தவறிவிட்டதாகவும், அவர் மகனோடு வெளி மாநிலம் போய்விட்டதாகவும் எதிர்வீட்டில் சொன்னார்கள். மகனின் நம்பர் யாரிடமும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழக்கே போட வேண்டாமா என்று கூட யோசித்தேன். ஆனால் வண்டி நின்றுகொண்டேயிருந்தால் அவருக்கும் பயனில்லை, எனக்கும் இல்லை. ரப்பர் காய்ந்து, பேட்டரி செத்து, இரும்பு விலைக்குத்தான் போகும்.

2022 ஜூனில் முன்சீப் கோர்ட்டில் பணவசூல் வழக்கு போட்டோம். செய்த வேலைக்குக் கூலி கேட்கக் காலவரம்பு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம். பலபேர் வண்டி தன்னிடம்தானே இருக்கிறது என்று ஐந்தாறு வருடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வக்கீலிடம் ஓடுகிறார்கள். அப்போது வழக்குப் போடும் காலமே கடந்திருக்கும். தயவுசெய்து அந்தத் தேதியை எழுதி வையுங்கள்.

சம்மன் இரண்டு முறை திரும்பியது. பிறகு பழைய வீட்டுக் கதவில் ஒட்டவும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கவும் கோர்ட் அனுமதித்தது. விளம்பரச் செலவு என்னுடையது. அவர் வரவில்லை. 2023 மார்ச்சில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது எதிர்த்தரப்பு வராமலேயே தீர்ப்பு, ஆனது. நான் கூண்டில் ஏறி ஜாப் கார்டு, எஸ்டிமேட், வாட்ஸ்அப் பதிவு, உதிரிபாக பில்கள் எல்லாவற்றையும் சான்றாகக் குறியீடு செய்தேன். எதிர்த்தரப்பு இல்லையென்றாலும் நீதிபதி ஒவ்வொரு பில்லையும் தேதி பார்த்துக் கேட்டார். ஒரு பில் தொலைந்திருந்தது, அந்தக் கடைக்காரரிடம் நகல் வாங்கிக் கொடுத்தேன்.

டிக்ரி வந்ததும் வண்டி என்னுடையது ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். இல்லை. டிக்ரி பணத்துக்குத்தான். அந்தப் பணத்தை வண்டியிலிருந்து எடுக்க, நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும். கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா பட்டறைக்கு வந்து, என் ஷெட்டிலேயே நிற்கும் வண்டியை ஜப்தி செய்து, பட்டியல் எழுதி, என்னிடமே பொறுப்பில் விட்டுப் போனார். அப்புறம் ஏல அறிவிப்பு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். டிக்ரி வாங்கியவர், கோர்ட்டின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அந்த ஏலத்தில் கேட்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 72. அனுமதி மனு போட்டு, ஏலத்தொகையில் என் பாக்கியைக் கழித்துக்கொள்ளவும் சேர்த்துக் கேட்டோம். கிடைத்தது. இதை மறந்திருந்தால் ஏலமே செல்லாமல் போயிருக்கலாம்.

டிசம்பரில் ஏலம். தமுக்கு அடித்து அறிவித்தார்கள். பழைய கார் வியாபாரிகள் இருவரும் காயலான் கடைக்காரர் ஒருவரும் வந்திருந்தார்கள். ஒரு வியாபாரி 1,11,000 வரை கேட்டார். நான் 1,12,000 கேட்டேன். அவர் கையை விரித்துவிட்டார். வட்டியும் செலவும் சேர்த்து எனக்கு வரவேண்டியது 88,200. மிச்சம் 23,800 ரூபாயை நான் கோர்ட்டில் கட்டினேன். ஏலம் உண்மையாக நடந்ததில் எனக்கு மனநிறைவு. வண்டியின் மதிப்பு வண்டிக்காரருக்கும் போய்ச் சேர வேண்டும்தானே.

கடைசித் தடை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். அசையும் பொருள் ஏலத்தில் பணம் கட்டியதும் ஏலம் நடத்தியவர் ரசீது தருவார், அதோடு விற்பனை உறுதியாகிவிடும். வீடு, நிலத்துக்குத் தருவதுபோல விற்பனைச் சான்று என்று தனியாக ஒன்று வராது. கவுன்ட்டரில் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு, படிவம் 29 எங்கே, விற்றவர் கையெழுத்து எங்கே என்றார்கள். பொது ஏலத்தில் வாங்கியதற்குப் படிவம் 32 இருக்கிறதே என்றேன். அது அரசு நடத்தும் ஏலத்துக்கு, எங்களுக்குக் கோர்ட்டிலிருந்து உத்தரவு வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பெயரைத் தவறாக மாற்றிவிட்டால் அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்.

வக்கீல் திரும்பவும் மனு போட்டு, பதிவு அதிகாரிக்கு நேரடி உத்தரவு வாங்கித் தர ஏழு வாரம் ஆனது. நிறைவேற்று மனுவிலேயே இந்தக் கோரிக்கையையும் சேர்த்திருந்தால் அந்த ஏழு வாரம் மிச்சம். மூல ஆர்.சி. வண்டிக்காரர் கையில் இருந்ததால் அதற்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். பழைய அபராதச் சலான் இரண்டு இருந்தன, கட்டினேன். புது இன்சூரன்ஸ், புகைச் சான்று எடுத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். 2024 ஏப்ரலில் என் பெயரில் ஆர்.சி. தபாலில் வந்தது.

வக்கீல் ஃபீஸ், விளம்பரம், அலைச்சல் எல்லாம் கூட்டினால் லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த வண்டியை விற்காமல் பட்டறை வேலைக்கே வைத்துக்கொண்டேன். நடுவழியில் நிற்கிற வண்டிக்காரர்களிடம் சாமான் எடுத்துக்கொண்டு போக உதவுகிறது.

அந்த ஆஸ்பத்திரி ஃபைலும் வளையலும் சாமி படமும் பட்டியலோடு ஒரு பெட்டியில் என் மேசைக்குப் பின்னால் இருக்கின்றன. கோர்ட்டில் உங்கள் பெயரில் 23,800 ரூபாய் இருக்கிறது, வழக்கு எண் இன்னது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பொருள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று ஒரு கடிதம் எழுதி, அந்த எதிர்வீட்டுக்காரரிடம் போன மாதம் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு மகன் ஒருவேளை வருவான், வந்தால் கையில் கொடுக்கிறேன் என்றிருக்கிறார்.