ஸ்டென்ட் வைத்த பிறகும் நெஞ்சு இறுகியது

இதயத் தமனியில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மாடிப்படியில் 14-ஆவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். நெஞ்சின் நடுவில் அதே இறுக்கம், தாடை வரை ஏறும் அதே கனம். சிகிச்சைக்கு முன்பும் இந்தப் படியில்தான் நிற்பேன்.

எனக்கு மாரடைப்பு வரவில்லை. நடந்தால் வலி, நின்றால் குறையும். அதற்காக நாள் குறித்துச் செய்த ஆஞ்சியோபிளாஸ்டி அது. மணிக்கட்டு வழியாகப் போய், அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். குழாய் நன்றாகத் திறந்துவிட்டது, இனி வலி இருக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

வலி திரும்பியதும் இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். சாயம் செலுத்தி இதயத் தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமையும் இரண்டாம் முறை செய்தார்கள். ஸ்டென்ட் திறந்தே இருந்தது, வேறு அடைப்பும் இல்லை. வாயுவாக இருக்கும் என்றார் ஒருவர். பயத்தால் வருவது என்றார் இன்னொருவர். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் அடிக்கும் ஸ்பிரே எனக்குப் பெரிதாகக் கேட்கவில்லை என்பதும் அவர்களுடைய சந்தேகத்தை வளர்த்தது. என் மகளே ஒருநாள், "அம்மா, எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிடம் நீடித்தது, இவ்வளவுதான் எழுதினேன். "காலை 7.10, 14-ஆவது படி, உட்கார்ந்த பிறகும் 12 நிமிடம்." மூன்று வாரத்தில் நான்கு பக்கம் நிறைந்தது. புதிதாகப் பார்த்த மருத்துவர் அந்தப் பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "உங்கள் வலி இதயத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாம் இதுவரை பார்க்காத இடத்தைப் பார்ப்போம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஞ்சியோகிராமில் தெரிபவை இதயத்தின் மேல் ஓடும் பெரிய தமனிகள். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் இறங்கும் குழாய்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுடையவை. அவை படத்தில் விழாது. மதகைத் திறந்துவிட்டாலும் வாய்க்கால்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் வயல் காயத்தானே செய்யும்? பல ஆண்டு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தக் குழாய்களைக் கெடுத்திருக்கலாம். பலூன் விரிக்கும்போது உதிர்ந்த துகள்கள் போய் அடைத்திருக்கவும் கூடும். எனக்குச் சர்க்கரை வந்து 11 ஆண்டுகள். முதலில் சொன்னதுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்றார் மருத்துவர்.

பரிசோதனைக்கு முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர் கூடாது என்றார்கள். கஃபீன் இருந்தால், நுண்குழாய்களை விரித்து ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்க்க ஏற்றும் அடினோசின் மருந்து சரியாக வேலை செய்யாது. மீண்டும் அதே மேசை, அதே மணிக்கட்டு. இந்த முறை மிக மெல்லிய ஒரு கம்பியைத் தமனிக்குள் செலுத்தினார்கள். அதன் நுனி அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும். உடல் சூட்டைவிடக் குளிர்ந்த உப்புநீரை ஊசியால் மூன்று முறை வேகமாகச் செலுத்தி, அது கம்பியின் நுனியை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். பிறகு அடினோசினை ஏற்றினார்கள். முகம் சூடேறியது, மூச்சு முட்டியது, நெஞ்சின் மேல் யாரோ கையை வைத்து அழுத்துவது போலிருந்தது. "இது மருந்தின் வேலைதான், நிறுத்தியதும் போய்விடும்" என்று செவிலியர் என் தோளைத் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடியும் மூன்று முறை உப்புநீர். மருந்தை நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

தேவைப்படும்போது ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்பது முதல் எண். 2-க்குக் குறைந்தால் கோளாறு, எனக்கு 1.6. நுண்குழாய்களின் எதிர்ப்பைக் காட்டுவது இரண்டாவது எண். 25-ஐத் தொட்டாலே அதிகம், எனக்கு 34. மேசையில் படுத்தபடியே அந்த எண்களைக் கேட்டேன். நோய் உறுதியானதற்கு யாராவது நிம்மதி அடைவார்களா? நான் அடைந்தேன்.

பிறகு இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டினார்கள். கூடவே ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் கால்சியம் சேனல் பிளாக்கர் சேர்த்தார்கள். ஸ்டென்டுக்கான மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் அப்படியே தொடர்கின்றன. தினமும் நடை, வலி வரும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, வாரம்தோறும் கொஞ்சம் கூட்டி. ஓய்விலேயே வலி வந்து குறையாமல் நீடித்தால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் பெரும்பாலான நாட்களில் நிற்காமல் மாடி ஏறிவிடுகிறேன். ஆஞ்சியோகிராம் அறிக்கைக்கும் முன்னால், கோப்பின் முதல் பக்கமாக அந்த இரண்டு எண்கள் உள்ள தாளை வைத்திருக்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.